ஏரிக்குப் பூசிய நீலம்

கல்யாணத்துக்கு முதல் நாள் மணப்பெண்ணின் கன்னத்தில் முளைத்த பருவை மறுவாரம் ஆல்பத்தில் காணாமல் அடிப்பவர் ஸ்டுடியோக்காரர்தான். மாப்பிள்ளைக்கு முன்வழுக்கை என்றால் பின்மண்டையிலிருந்து ஒரு கொத்து எடுத்து முன்மண்டையில் நட்டுவிடுவார். ஒருமுறை, கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கே வராத சித்தப்பா ஒருவரைப் பழைய படம் ஒன்றிலிருந்து வெட்டியெடுத்து வந்து, குடும்பத்தோடு நிறுத்தி, உதட்டோரம் ஒரு சிரிப்பையும் வைத்துவிட்டார். அந்தச் சித்தப்பா பிறகு படத்தைப் பார்த்துவிட்டு, "அட, நான் போயிருந்தேனா!" என்று கோபம் தணிந்து வீட்டுக்கு வந்துபோக ஆரம்பித்ததாகக் கேள்வி.

பிறகு கைபேசிகளே எல்லோரையும் அழகாக்கத் தொடங்கிவிட்டன. ஸ்டுடியோவில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர், ஏரி மேற்பார்வை ஆணையத்தில் 'படத் திருத்துநர்' வேலை காலி என்று கேள்விப்பட்டு, இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். செயற்கைக்கோள் அனுப்பும் படங்களில் காற்றின் மங்கலையும் தூசியையும் நீக்குவதற்கான வேலை அது. அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

"படத்தைத் திருத்தத் தெரியுமா?" என்று கேட்டார் ஆணையர்.

"தெரியும் ஐயா."

"என்ன மாதிரி படம்?"

"முகங்க ஐயா."

ஆணையர் கண்ணை மூடிச் சற்று யோசித்தார். "ஏரிங்கறது நகரத்தோட முகம்" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள். வேலை கிடைத்துவிட்டது.

ஆணையம் பெயருக்கு ஏற்றபடி நடந்துகொண்டது. மேற்பார்வை என்றால் மேலிருந்து பார்ப்பது. ஆகவே ஏரியை மேலிருந்து மட்டும்தான் பார்த்தார்கள். கட்டடம் ஏரிக்கரையிலேயே இருந்தது, காலை நீட்டினால் தண்ணீரில் படும். ஆனால் ஏரிப் பக்கத்து ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் உள்ளிருந்து பலகை அடித்திருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று ஸ்டுடியோக்காரர் துணை ஆணையரிடம் காரணம் கேட்டார்.

"நேர்ல பாத்தா மனசுல ஒரு அபிப்பிராயம் வந்துடும்" என்றார் அந்த அம்மாள். "அபிப்பிராயம் வந்துட்டா அப்புறம் படத்தை நடுநிலையா பாக்க முடியாது. நான் இங்க வந்து இத்தனை வருஷமாச்சு, ஒரு தடவைகூட ஏரியைப் பாத்ததில்லை." சொல்லும்போது அவர் குரலில் ஒரு விரதம் காத்தவரின் பெருமிதம் இருந்தது.

துணை ஆணையரை அலுவலகத்தில் மறைவாக 'மேகம்மா' என்று அழைத்தார்கள். செயற்கைக்கோள் ஏரிக்கு மேலே கடக்கும் நேரத்தில் வானம் மூடியிருந்தால் படம் முழுக்க வெள்ளை வெளேரென்று மேகம்தான் வரும். அப்படி வந்த நாளில் அந்த அம்மாள் எல்லோருக்கும் மிட்டாய் கொடுப்பார். அறிக்கையில், 'ஏரியில் குறை எதுவும் காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்திடுவார்.

"ஏரியே காணப்படலியேம்மா" என்றார் ஸ்டுடியோக்காரர், மிட்டாயை வாயில் போட்டபடி.

"குறை இருந்துச்சா இல்லியா?"

"தெரியல."

"தெரியலைன்னா காணப்படலைன்னுதானே அர்த்தம்?"

அவர் மென்றதை விழுங்கிக்கொண்டார்.

படம் வந்து சேர்வது அங்கே ஒரு சடங்கு. மணி அடிப்பார்கள். ஆணையர் முன்னால் வர, மற்றவர்கள் பதவி வரிசையில் பின்னால் வந்து பெரிய திரைக்கு எதிரே நிற்பார்கள். படம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அது முழுதாக இறங்கி முடியும்வரை யாரும் உட்காரக் கூடாது. வானத்திலிருந்து இவ்வளவு தூரம் வருகிற ஒன்றை உட்கார்ந்தபடி வரவேற்பது மரியாதையில்லை என்பது ஆணையரின் கருத்து. இணைய வேகம் நடைவண்டி வேகம். பாதி ஏரி வந்ததும் நின்றுவிடும். அவர்களும் நிற்பார்கள். கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர் நின்றபடியே தூங்கப் பழகியிருந்தார். மற்றவர்கள் அவரைப் பொறாமையோடு பார்ப்பார்கள்.

ஸ்டுடியோக்காரர் சேர்ந்த சில நாட்களில் வெயில் ஏறியது, மேகம் கலைந்தது, மிட்டாயும் நின்றது. மணி அடித்தது. படம் இறங்கியது. கரை வந்தது, சாலை வந்தது, ஆணையத்தின் கூரை வந்தது. பிறகு ஏரி வர வேண்டிய இடத்தில் கிரிக்கெட் மைதானம் மாதிரி ஒன்று வந்தது.

"இது என்ன நிறம்?" என்று கேட்டார் ஆணையர்.

"பச்சைங்க ஐயா" என்றார் ஸ்டுடியோக்காரர். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். கணக்குப் பிரிவுக்காரர்கூட விழித்துக்கொண்டார்.

"புதுசு. தெரியாம சொல்லிட்டார்" என்றார் மேகம்மா. "ஐயா, என் பார்வையில இது நீலத்துக்கு முந்தின நிலை."

"பழுக்காத நீலம்" என்றார் இன்னொருவர்.

"களைச்சுப்போன நீலம்னும் சொல்லலாம்."

அறிவியல் ஆலோசகர் என்று ஒருவர் இருந்தார். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வெயிலும் சாக்கடை நீரும் சேர்ந்தால் ஏரியில் பாசி கட்டுமீறிப் பெருகும் என்றும், அதில் சில வகை விஷம் கக்கும் என்றும், இந்த வகைக்கு நீலப்பச்சைப் பாசி என்று பெயர் என்றும் சொன்னார்.

ஆணையர் மேசையைத் தட்டினார். "என்ன பேர் சொன்னீங்க?"

"நீலப்பச்சைப் பாசி."

"முதல்ல என்ன வருது?"

"நீலம்."

"அப்போ நீலம் அதுக்குள்ளேயே இருக்கு! நாமதான் அதை வெளிய கொண்டுவரலை." இதை எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்று ஆணையருக்குத் தோன்றியது. ஏற்கெனவே எல்லோரும் நின்றுகொண்டிருந்ததால் அவர் நாற்காலி மேல் ஏறி நிற்க வேண்டியதாயிற்று. "நண்பர்களே, ஏரிக்கு என்ன ஆனாலும் நம்ம ஆணையத்துக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. ஏன்னா, ஏரி போச்சுன்னா இன்னொரு ஏரி வெட்டிக்கலாம். ஆணையம் போச்சுன்னா ஏரியை யார் பாக்கறது? திருத்துநரே, பொண்ணுங்க முகத்துப் பருவை எடுப்பீங்கதானே?"

"எடுப்பேங்க."

"அதே மாதிரி, கொஞ்சம் இயற்கையான நிறத்துக்குக் கொண்டுவாங்க."

அப்போது யாரோ ஒருவர், அந்தப் பச்சை ஆணையத்தின் பின்சுவரிலிருந்து ஒரு வால் மாதிரி கிளம்பி ஏரி முழுக்க விரிவதைச் சுட்டிக்காட்டினார். அந்த இடத்தில்தான் அலுவலகக் கழிவறைக் குழாய் போய் முடிகிறது. ஆணையர் அதை உற்றுப் பார்த்தார்.

"அது நம்ம கட்டடத்தோட நிழல்" என்றார். நிழல் பச்சையாக இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை. அரசுக் கட்டடம், எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஸ்டுடியோக்காரர் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். வாடிக்கையாளர் கேட்கிறார், செய்து கொடுக்க வேண்டும். அவருக்குப் பழகிப்போன வேலைதான். ஆறு வந்து கலக்கிற மூலையில் கொஞ்சம் தண்ணீர் இன்னும் நல்ல நீலமாக இருந்தது. அதை வெட்டியெடுத்து, பச்சை தெரிந்த இடத்திலெல்லாம் ஒட்டினார், விளிம்புகளை மெழுகினார். மாலைக்குள் ஏரி புதுப்பெண் மாதிரி பளபளத்தது. வெட்டியெடுத்த மூலையில் ஒரு படகு இருந்தது. ஒட்டிய இடம் ஒவ்வொன்றிலும் அதுவும் கூடவே போய் உட்கார்ந்துகொண்டதை மட்டும் அவர் கவனிக்கவில்லை.

ஆணையம் கவனித்தது. 'ஏரி நீலமாக உள்ளது. படகுப் போக்குவரத்து ஒன்பது மடங்காகப் பெருகியுள்ளது' என்று அறிக்கை வந்தது. கரையில் பெரிய பலகை ஒன்று நட்டார்கள்: 'இந்த ஏரி நீலம். வானிலிருந்து உறுதி செய்யப்பட்டது.' அதன் நிழலில் பாசி மட்டும் நன்றாக வளர்ந்தது.

மறுவாரம் படகுக்காரர் ஆணையத்துக்கு வந்தார். கையில் ஒரு நோட்டீஸ் இருந்தது. மனிதர் அந்த ஏரியில் ஒரே ஒரு படகை வைத்து, அக்கரையில் வேலைக்குப் போகிறவர்களை ஏற்றி இறக்கிப் பிழைப்பவர். நேரே மேகம்மாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"அம்மா, எங்கிட்ட ஒரு படகுதாம்மா இருக்கு. ஒன்பதுக்கும் அனுமதி வாங்குன்னு போட்டிருக்கீங்க."

"எல்லாரும் ஒண்ணுதான்னுதான் ஆரம்பிப்பாங்க" என்று மேகம்மா படத்தை அவர் பக்கம் திருப்பினார். ஏகப்பட்ட விலை கொடுத்து வாங்கிய படம், பெரிதாக்கினால் சட்டைக் கோடுகூடத் தெரியும். "இந்த ஆளைப் பாருங்க. யாரு?"

"நான்தான்."

"இந்தப் படகுல?"

"அதுவும் நான்தான் போலிருக்கு. அதே சட்டை."

"இதுல?"

படகுக்காரர் குனிந்து பார்த்தார். "நானேதாம்மா. ஆனா ஒரே நேரத்துல ஒன்பது படகுல நான் எப்படி உக்கார முடியும்?"

"அதைத்தான் நாங்களும் கேக்கறோம். ஒரே ஆள் ஒன்பது படகு ஓட்டறது பாதுகாப்பு விதிக்கு நேர் எதிர். மத்த எட்டையும் கொண்டுவந்து இங்க ஒப்படைச்சிடுங்க. இல்லைன்னா இருக்கற ஒண்ணையும் கரையேத்த வேண்டியிருக்கும்."

ஸ்டுடியோக்காரர் தண்ணீர் கேனுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். படகுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே வெளியே போனார். வாசலில் நின்று வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஏய், கொல்லைப் பக்கம் போய்ப் பாரு. நம்மகிட்ட வேற ஏதாவது படகு இருக்கா? ... எனக்கும் ஞாபகம் இல்லடி. ஆனா படத்துல நான்தான் உக்காந்திருக்கேன்."

அன்று சாயங்காலம் ஸ்டுடியோக்காரர் வீடு திரும்பியபோது அவர் மனைவி சமையலறை வாசலில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். கணுக்காலைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம். அவள் பள்ளிக்கூடத்தில் நீச்சல் ஆசிரியை. நகரத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் அவள் விசிலுக்குப் பயந்துதான் நீந்தவே கற்றுக்கொண்டார்கள். ஏரியின் ஆழமில்லாத பக்கம்தான் அவள் வகுப்பறை.

"ஏங்க, அந்தத் தண்ணி கிட்ட போகவே முடியல. நாத்தம் குடலைப் பிடுங்குது. மளிகைக் கடைக்காரரோட நாய் அதைக் குடிச்சிட்டு நேத்திலேர்ந்து எழுந்திருக்கவே இல்ல."

"பலகை வெச்சிருக்காங்களே" என்றார் அவர்.

"நாய்க்குப் படிக்கத் தெரியலையே, என்ன பண்றது?" அவள் சொம்பை நங்கென்று வைத்தாள். "புள்ளைங்களை இறக்க மாட்டேன்னு ஹெட்மாஸ்டர்கிட்ட சொன்னேன். 'வானத்துலேர்ந்து பாத்துச் சொன்னவங்களுக்குத் தெரியாதது கரையில நிக்கற உங்களுக்குத் தெரியப்போகுதா'ன்னு கேக்கறார். இறக்கலைன்னா வேற டீச்சரைப் பாத்துப்பாங்களாம். நானும் யோசிக்கறேன், எவனுக்கு அது நீலமா தெரியுது? எவனோ ஒரு குருடன்... என்னங்க, ஏன் முழிக்கறீங்க?"

"அந்த நீலம்..."

"ம்?"

"நான் போட்டது."

அவள் முதலில் சிரித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள்.

"என் தண்ணிக்கு மேக்கப் போட்டீங்களா?"

"கேட்டாங்க. போட்டுக் குடுத்தேன். பழக்கதோஷம்."

"உங்க தங்கச்சி கல்யாணத்துல அவ மூக்கைச் சின்னதாக்கினீங்க, சரி. அந்த மூக்குல யாரும் குதிக்கப்போறதில்ல. இது புள்ளைங்க குதிக்கற தண்ணிங்க!" அவள் எழுந்து தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் மேல் வீசினாள். "நாளைக்குப் போய் எல்லாத்தையும் கழுவி விடுங்க. அதுவரைக்கும் எங்கிட்ட காப்பி கீப்பின்னு வந்து நிக்காதீங்க."

அவருக்குத் தூக்கமே வரவில்லை என்று சொல்ல முடியாது, வந்தது. ஆனால் கனவில் ஒன்பது படகுக்காரர்கள் வரிசையாக வந்து நின்று அவரை 'சார்' என்று கூப்பிட்டார்கள்.

அடுத்த படம் இறங்கியபோது அவர் அதை அப்படியே திரையில் போட்டார். ஒரு பொட்டுகூடத் தொடவில்லை. பச்சை இப்போது கரையோடு கரையாகக் கெட்டிப்பட்டிருந்தது.

"படம் கெட்டுப்போச்சு" என்றார் மேகம்மா, நெஞ்சில் கைவைத்து.

"மேல லென்ஸுல பாசி பிடிச்சிருக்கும்" என்றார் இன்னொருவர். அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. செயற்கைக்கோள் நிறுவனத்துக்கு உடனே போன் போட்டு, தயவுசெய்து கண்ணாடியைத் துடைக்கச் சொன்னார்கள். அங்கே அதற்கு ஆள் அனுப்ப முடியாது என்றார்கள்.

"ஏணி இல்லையாம்" என்று ஆணையரிடம் விளக்கினார் மேகம்மா.

ஸ்டுடியோக்காரர் எழுந்தார். "ஐயா, படம் கெடல. ஏரிதான் கெட்டிருக்கு. போன தடவை நான் பூசினது. ஒன்பது படகுல எட்டு நான் ஒட்டினது. அந்த ஆளு பாவம், வீட்டுக் கொல்லையில படகு தேடிக்கிட்டிருக்கார்."

ஆணையர் கோபப்படவில்லை. அவர் முகத்தில் கருணை பொங்கியது. பக்கத்தில் வந்து தோளில் கைபோட்டார்.

"தம்பி, நிஜம்ங்கறது ஒரு ஆரம்பம், அவ்வளவுதான். யார் வேணும்னாலும் ஜன்னலைத் திறந்தா பாத்துடலாம். அதுக்கு எதுக்கு ஆணையம்? நிஜத்தை எடுத்து, சுத்தம் பண்ணி, யாருக்கும் வலிக்காத மாதிரி ஆக்கிக் குடுக்கறதுக்குத்தானே சம்பளம் வாங்கறோம்? உங்களுக்குக் கண் களைச்சிருக்கு. போய் டாக்டரைப் பாருங்க."

அனுப்பியும் வைத்தார்கள். கண் மருத்துவர் அட்டைகளைக் காட்டிச் சோதித்துவிட்டு, பச்சை நிறம் மிகத் தெளிவாகத் தெரிகிறது என்று எழுதிக் கொடுத்தார். 'நோயாளிக்குப் பச்சை மிகுதியாகத் தெரிகிறது' என்று ஆணையம் பதிவு செய்துகொண்டது. பழைய நீலப் படத்துக்கே புதுத் தேதி போட்டு அனுப்பினார்கள்.

அந்தப் படம் எங்கெங்கோ சுற்றி, ஏரிகளுக்குப் பரிசு கொடுக்கிற ஒரு வெளிநாட்டுச் சங்கத்தின் கையில் போய் விழுந்தது. உலகிலேயே மிக நீலமான ஏரி என்று அதைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கோப்பையோடு நடுவர்கள் நேரில் வருவதாகச் செய்தி வந்ததும் ஆணையத்தில் ஆனந்தக் கூத்து. ஏரிக்கரையிலேயே விழா. ஆணையர் கோப்பையை வாங்குகிற அந்த நொடியில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக ஏரியில் குதிக்க வேண்டும் என்று மேகம்மா நிகழ்ச்சி வகுத்தார்.

ஸ்டுடியோக்காரர் ஆணையரின் அறைக்கு ஓடினார். "ஐயா, புள்ளைங்க மட்டும் வேண்டாம்."

"புள்ளைங்க இல்லாம வேற யாரு இறங்கறது? அழகா இருக்க வேண்டாமா?" என்றார் ஆணையர், கண்ணாடியில் டையைச் சரிபார்த்தபடி.

விழா நாளன்று வெயில் தகதகவென்று அடித்தது. பிள்ளைகள் நீச்சல் உடையில் வரிசையாக நின்றார்கள். வரிசைக்கு முன்னால் ஸ்டுடியோக்காரரின் மனைவி விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றாள். பக்கத்தில் ஹெட்மாஸ்டர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், சும்மா ஒரு முங்கு. மேல வந்துடலாம்."

"நீங்க முதல்ல முங்குங்க சார். நான் விசில் ஊதறேன்."

ஹெட்மாஸ்டருக்கு அப்போதுதான் தன் புது ஷூ ஞாபகம் வந்தது. இரண்டடி பின்வாங்கினார்.

கரை ஓரம் படகுக்காரர் தன் ஒரே படகில் உட்கார்ந்திருந்தார். மற்ற எட்டு இன்னும் கிடைக்கவில்லை.

ஆணையத்தின் வாசலிலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் ஆணையர், பக்கத்தில் கோப்பையோடு நடுவர் தலைவி, மற்ற நடுவர்கள், பின்னால் பதவி வரிசையில் மற்றவர்கள். கட்டடத்தின் மூலை திரும்பியதும் ஆணையர் சட்டென்று நின்றார். எதிரே வெயிலில் கண்ணுக்கெட்டிய தூரம் பட்டுப்போல ஒரு பச்சைப் பரப்பு விரிந்துகிடந்தது. ஒரு அலை இல்லை, அசைவு இல்லை. ஒரு மூலையில் காகம் ஒன்று அதன்மேல் மிதந்த கட்டையில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"ஏரி எங்க?" என்று மேகம்மாவிடம் கிசுகிசுத்தார்.

மேகம்மா கையிலிருந்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படத்துப்படி இங்கதான் ஐயா இருக்கணும். இந்தப் புல்வெளியைத் தாண்டி இருக்கும்னு நினைக்கறேன்."

"புல்வெளி யார் போட்டது?"

"தோட்டப் பிரிவா இருக்கும். நம்மகிட்ட சொல்றதே இல்ல."

ஆணையர் முகம் மலர்ந்தது. நடுவர்கள் பக்கம் திரும்பிக் கைகளை விரித்தார். "ஏரிக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு சின்ன ஆச்சரியம். இந்தப் புல்வெளி. எத்தனையோ பேர் எங்கிட்ட கேட்டாங்க, ஏரிக்கரையை ஏன் சும்மா விட்டு வெச்சிருக்கீங்கன்னு. நான் ஒவ்வொரு செடியையும் என் புள்ளை மாதிரி—"

"ஐயா! அது புல்லு இல்ல!" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து கத்தினார் ஸ்டுடியோக்காரர்.

"மன்னிச்சுக்கங்க, எங்க திருத்துநர். கண்ணுல கோளாறு" என்று நடுவர்களிடம் சொல்லிவிட்டு ஆணையர் நடந்தார்.

"சார், நில்லுங்க!" என்று விசிலைத் துப்பிவிட்டு அலறினாள் டீச்சர்.

"வாங்க, செருப்பைக் கழட்டிட்டு நடந்து பாருங்க, மெத்து மெத்துன்னு இருக்கும்" என்றபடி ஆணையர் புல்வெளியில் காலை வைத்தார்.

பச்சை அவரை ஒரு வார்த்தையும் பேசாமல் வாங்கிக்கொண்டது. 'களக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பரப்பின்மேல் ஆணையரின் அளவுக்கு ஒரு கறுப்பு ஓட்டையும், அதற்கு மேல் காற்றில் அவருடைய கடைசி வாக்கியமும் மட்டும் மிச்சமிருந்தன. பிள்ளைகள் வரிசை மொத்தமும் ஆகாயம் அதிர ஆரவாரம் செய்தது. இதுதான் நிகழ்ச்சி என்று அவர்கள் நினைத்தார்கள்.

ஆணையரின் தலை மேலே வந்தது. தலையா, முட்டைக்கோஸா என்று தூரத்திலிருந்து சொல்ல முடியவில்லை. படகுக்காரர் துடுப்பை வலித்து நாலே இழுப்பில் பக்கத்தில் போனார். துடுப்பை நீட்டினார். ஆணையர் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். படகுக்காரர் உடனே மேலே தூக்கவில்லை.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்கிட்ட எத்தனை படகு இருக்கு?"

"ஒண்ணு!" என்று வாயிலிருந்த ஏரியைத் துப்பினார் ஆணையர். "ஒண்ணே ஒண்ணு!"

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"கண்ணாலயே பாக்கறேன்யா! ஒண்ணுதான்!"

படகுக்காரர் அவரை அள்ளிப் போட்டார். கரையில் இறங்கியபோது ஆணையரின் புருவம், டை, காதுமடல் எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தன. மேகம்மா நடுவர் தலைவியிடம், "இது செயல்முறை விளக்கம்" என்றார். நடுவர் தலைவி ஆணையரைச் சுற்றி ஒரு வட்டம் வந்து பார்த்தார். பிறகு கோப்பையைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். சாப்பாடு ஏற்கெனவே ஏற்பாடாகியிருந்ததால் அதற்கு மட்டும் இருந்துவிட்டுப் போனார்கள்.

இதோடு ஆணையம் அடங்கியிருக்கும் என்று நினைத்தால், நினைத்தவருக்கு ஆணையங்களைப் பற்றித் தெரியாது என்று அர்த்தம்.

ஆணையர் விழுந்த அதே நேரத்தில் செயற்கைக்கோள் தலைக்கு மேலே கடந்திருந்தது. மறுநாள் மணி அடித்தது. ஆணையர் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து, இரண்டு கைகளாலும் முதுகைச் சொறிந்துகொண்டே வந்து நின்றார். படம் இறங்கியது. ஏரி முழுக்கப் பச்சை. கரையோரம் மட்டும் துல்லியமாக ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் தண்ணீர்.

"அங்க பாசி இல்லை!" என்று கூவினார் மேகம்மா. "ஐயா இறங்கின இடத்துல பாசி விலகியிருக்கு!"

அறிவியல் ஆலோசகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கை தட்டல் எழுந்துவிட்டது. ஓர் உயர் அதிகாரி இறங்கினால் அவர் அகலத்துக்கு ஏரி சுத்தமாகிறது என்பது படத்தோடு நிரூபணமாகிவிட்டது. ஆணையத்தில் எத்தனை அதிகாரிகள், அவர்களின் சராசரி அகலம் என்ன என்று கணக்குப் பிரிவில் கணக்குப் போட்டார்கள். கூட்டம் முடிவதற்குள் மேலிடத்துக்குத் தகவல் போய், ஒப்புதலும் வந்துவிட்டது. அடுத்த மாதம் முதல் அதிகாரிகள் அனைவரும், பதவி வரிசையில், தினமும் ஒருமுறை ஏரியில் இறங்க வேண்டும்.

ஒப்புதல் வந்த பிறகுதான், இறங்கப்போவது தாங்கள்தான் என்று அறையில் இருந்தவர்களுக்கு உறைத்தது. எல்லோரும் ஆணையரைப் பார்த்தார்கள். ஆணையர் கதவு நிலையில் முதுகை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப அரிக்குமா ஐயா?" என்று மெதுவாகக் கேட்டார் மேகம்மா.

"அரிப்பா? உள்ள எலும்பைச் சொறியணும் போலிருக்கு."

அதற்குப் பிறகு நடந்தவை ஆணையத்தின் வரலாற்றில் இல்லாத வேகத்தில் நடந்தன. அன்று மதியமே ஏரிப் பக்கத்து ஜன்னல் பலகைகளைப் பிடுங்கி எறிந்தார்கள். வரிசையாகத் தலையை நீட்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு, பிறக்கும்போதே தொலைத்த உறவினரைப் பார்ப்பதுபோல ஏரியைப் பார்த்தார்கள். கட்டடத்தின் பச்சை நிழல் எந்தக் குழாயிலிருந்து விழுகிறது என்று மேகம்மாவே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய்க் கண்டுபிடித்தார். மறுநாள் குழாயை அடைத்து, கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பினார்கள். கரையில் அதுபோல் வேறு யார் யார் குழாய் விட்டிருக்கிறார்கள் என்று அதிகாரிகள் வீடு வீடாக ஓடினார்கள். அறிவியல் ஆலோசகரை நடுவில் உட்காரவைத்து, "இது எப்போ சார் போகும், அடுத்த மாசத்துக்குள்ள போயிடுமா?" என்று கண்ணீர் மல்கக் கேட்டார்கள். தன்னிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டு வருடக்கணக்கானதால் அவரும் அழுதுவிட்டார்.

கரையிலிருந்த பலகையை டீச்சரே பிடுங்கினாள். அந்த இடத்தில், 'தண்ணீரில் இறங்காதீர்கள். நாயையும் இறக்காதீர்கள்' என்று எழுதி நட்டாள். ஹெட்மாஸ்டர் பக்கத்தில் நின்று சுத்தியலை எடுத்துக் கொடுத்தார். மளிகைக் கடைக்காரரின் நாய் மெலிந்துபோய் எழுந்து வந்து, பலகையைச் சுற்றி முகர்ந்துவிட்டுத் திரும்பி நடந்தது.

இன்னொரு சிக்கல் மிச்சமிருந்தது. ஆணையத்தில் ஒருவருக்குக்கூட நீச்சல் தெரியாது. ஆணையரே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டுடியோக்காரரின் வீட்டுக்கு வந்தார்.

"டீச்சரம்மா, நீங்கதான் எங்களைக் காப்பாத்தணும்."

"கத்துத் தரேன். ஆனா ஏரி தெளியற வரைக்கும் யாரும் அதுல கால் வைக்கக் கூடாது. முதல்ல நீச்சல் குளத்துல பழகுங்க. என் வீட்டுக்காரர் கையில இனிமே ஏரிப் படத்தைக் குடுக்கக் கூடாது. கைக்குப் பழக்கம் விடல, நேத்து எங்க வீட்டு ரேஷன் அட்டை ஃபோட்டோவுல எனக்கு இருந்த ரெட்டைத் தாடையை எடுத்துட்டார்."

"அது நல்லாத்தானே இருந்துச்சு" என்றார் ஸ்டுடியோக்காரர். அவருக்கு அன்று காப்பி கிடைத்திருந்தது.

நகரத்து நீச்சல் குளத்தில் முதல் வகுப்பு நடந்தது. பிள்ளைகள் படிக்கட்டுகளில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்தபடி பார்த்தார்கள். தண்ணீர் இடுப்பளவுதான். அதிகாரிகள் பதவி வரிசையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கணக்குப் பிரிவுக்காரர் நின்றபடியே மிதக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். மேகம்மா அண்ணாந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு மேகமும் இல்லை. வரிசையின் தலையில் ஆணையர் கம்பியை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு, கண்களை இறுக மூடிக்கொண்டு, பற்கள் கிடுகிடுக்க நின்றார்.

"சார், கம்பியை விடுங்க" என்றாள் டீச்சர்.

"விட மாட்டேன்."

"சரி, கண்ணையாவது திறங்க. தண்ணி உங்க இடுப்பளவுதான் இருக்கு. பாத்துட்டா பயம் போயிடும்."

"இருங்கம்மா" என்றார் ஆணையர், கண்ணைத் திறக்காமல். "முதல்ல படம் வரட்டும்."